பிப்ரவரிக் கணக்கு

சொலாஞ்ச் மருத்துவர். நான் அவள் கணவன்.
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றேன்,
இப்போது அவளுக்குக் கணக்குப்பிள்ளை.
மெய்ன் மாநிலத்தின் வட நுனி,
ஆற்றைத் தாண்டினால் கனடா.
மூன்று அறை, ஓர் எடை இயந்திரம்,
தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி ஒன்று.

குளிர்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
மின்சாரம் போன அந்த இரவில்
பதினோராயிரம் டாலர் மருந்தைக்
காரில் ஏற்றிக் காவலிருந்தோம்.
உறைந்தாலும் பாழ், சூடேறினாலும் பாழ்.
ஹீட்டரைக் கூட்டுவதும் குறைப்பதுமாய் விடிந்தது.
நம் பிள்ளைகளுக்குக்கூட
இப்படிக் கண்விழித்ததில்லை என்றாள்.
பொய். குளிரில் மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

காப்பீட்டுக்காரர்கள் நல்ல தாளில் எழுதுகிறார்கள்.
பிறந்த தேதியில் ஓர் எண் மாறிவிட்டது, ஆகவே மறுக்கிறோம்.
முன் அனுமதி பெறவில்லை, ஆகவே மறுக்கிறோம்.
இன்னொரு கடிதம்:
மூன்றாண்டுக்கு முன் தவறுதலாய்க் கூடுதலாகத் தந்த
இருநூற்றுப் பன்னிரண்டு டாலரைத் திருப்பி அனுப்புக.
நோயாளி: அடெலார் மிஷோ.
அவரைப் போன அக்டோபரில் அடக்கம் செய்தோம்,
பெட்டியின் பின்பக்க இடது முனை என் தோளில் இருந்தது.
தொலைபேசியில் நாற்பது நிமிடம் பியானோ கேட்டேன்.
பிறகு காசோலை எழுதினேன்.

பதினைந்து நிமிடத்துக்குத்தான் காசு.
உள்ளே அவள் ஐம்பது நிமிடமாய்
ஓர் உருளைக்கிழங்கு விவசாயியின் தூக்கத்தைப் பற்றிப்
பேசிக்கொண்டிருக்கிறாள்.
நான் சுவரைத் தட்டுகிறேன்.
அவள் பதிலுக்குத் தட்டுகிறாள்.

அதோடு விட்டாளா?
ரசீதில் அவள் எழுதும் குறியீடு
எப்போதும் ஒரு படி கீழே.
மேலே எழுதினால் மீதி நோயாளியின் தலையில் விழுமாம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றேன்.
அளந்துதான் போடுகிறேன் என்றாள்,
அளவுகோல் யாருடையது என்று சொல்லவில்லை.

பெரிய மருத்துவமனைக் குழுமம் கடிதம் போட்டது.
எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறோம்,
பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவோம்.
நின்றபடியே படித்து மைக்ரோவேவ் மேல் வைத்தாள்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
தூசி தட்டும்போது இருவருமே
அதை எடுத்து, துடைத்து,
அதே இடத்தில் வைக்கிறோம்.

பிப்ரவரி இரண்டாம் வெள்ளி, சம்பள நாள்.
செவிலி தெரேஸுக்கும்
வரவேற்பு மேசைப் பெண்ணுக்கும் தர
ஆயிரத்துத் தொள்ளாயிரம் குறைந்தது.
சொலாஞ்ச் பெயருக்கு நேரே
நவம்பரிலிருந்து சின்னக் கோடு போட்டு வருகிறேன்.
பூஜ்யம் எழுதக் கை வரவில்லை.
அன்று மாலை என் பனிவண்டியை
லூசியன் வூலெட்டுக்கு விற்றேன், இரண்டாயிரத்துக்கு.
அவளிடம் சொல்லவில்லை.
மீதி நூறில் வெப்பமூட்டிக்கு எண்ணெய் வாங்கினேன்.

ஞாயிறு லூசியன் வேலியில் மோதினான்.
திங்கள் காலை ஏழரைக்கு
வீங்கிய மணிக்கட்டோடு எங்கள் வாசலில்.
எந்த வண்டி, யாரிடம் வாங்கினாய் என்று
கட்டுப்போட்டபடி கேட்டிருக்கிறாள்.
அவனுக்குப் பொய் வராது.

இரவு சாப்பாட்டில் அவள் எதுவும் கேட்கவில்லை.
ரொட்டியின் பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.
மறுநாள் ரசீதுக் கட்டைப் பிரித்தபோது பார்த்தேன்,
லூசியனுக்கு மட்டும்
குறியீட்டைக் குறைக்காமல் எழுதியிருந்தாள்.

மார்ச்சில் அதுவும் திரும்பி வந்தது.
வண்டி விபத்தென்பதால்
முதலில் வண்டியின் காப்பீட்டாளரை அணுகவும்.
பெயர் மாற்ற மறந்திருந்தேன்,
வண்டியின் காப்பீடு இன்னும் என்னுடையது.
சொலாஞ்ச் சிரித்தாள்,
சுவருக்கு அப்பால் தெரேஸ் ஓடி வரும் அளவுக்கு,
குளிர்காலம் முழுக்கக் கேட்காத சிரிப்பு.

புதுப் படிவம் மேசையில் கிடக்கிறது.
ஒன்பதாவது கேள்வி:
இந்தக் காயத்துக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?
இரண்டு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்.